இருபத்திரண்டு பேரும் ஏறியாச்சு

நான் ஒரு பெண்ணைத் தெரிந்தே பத்துமலையில் விட்டுவிட்டு வந்தவள். கோலாலம்பூரில், சுற்றுலாவின் இரண்டாம் நாள், பஸ் வாசலில் நின்று ஆட்களை எண்ணினேன். ஒருவர் குறைவு என்று கண்டும் எல்லோரும் ஏறியாச்சு என்று சொன்னேன். அது தற்செயலாக நடந்தது என்று நம்புகிறவர்கள் சுவிசில், எம்மன்புரூக்கேயிலும் ஷ்லீரனிலும் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும்.

அவளை நேரில் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து கடைசி வரைக்கும். எழுதும்போது மட்டும் அவள் என்று எழுதப்போகிறேன். இந்த மரியாதைக் குறைவை யாரும் திருத்த வேண்டாம்.

லுட்சேர்னுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் துப்புரவு வேலை செய்தேன். அவள்தான் எங்கள் ஷெஃபின், அதாவது ஆறு பெண்களுக்கு மேலே இருந்த தலைவி. அந்த வேலையில் துணிகளுக்கு நிறம் உண்டு. கக்கூசுக்குச் சிவப்பு, கைகழுவும் தொட்டிக்கு மஞ்சள், மேசை கட்டிலுக்கு நீலம். சிவப்புத் துணி மேசையில் படுவது அங்கே சின்னப் பிழை அல்ல. துணியை நாலாக, பிறகு எட்டாக மடித்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் துடைக்க வேண்டும். நான் அதில் கொஞ்சம் கர்வக்காரி. என் துணி ஒருநாளும் கசங்கிக் கிடந்ததில்லை.

ஒரு காலை அவள் என்னைக் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டுத் தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். நான் துப்புரவு செய்யும் அறையில், ஒரு கிழவரின் சாப்பாட்டு மேசை மேல் சிவப்புத் துணி கிடந்தது. பிழிந்து எறிந்த மாதிரிச் சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்தவுடனேயே அது என் கை வைத்த துணி அல்ல என்று எனக்குத் தெரிந்தது. சொன்னேன். “நீர் கதைக்கிறது எனக்கு விளங்கேல்லை, மட்டக்களப்புத் தமிழை விட்டிட்டு வடிவாச் சொல்லும்” என்று அவள் சிரித்தாள். அன்று பின்னேரமே ரப்போர்ட் எழுதப்பட்டது. என்னோடு தினமும் பத்து மணித் தேநீர் குடித்த மூன்று பெண்கள் அதில் சாட்சியாகக் கையெழுத்து வைத்தார்கள். அடுத்த மாதம் நிரந்தரமாக வேண்டிய என் வேலை நின்றது. அந்த இடத்தில் வந்து சேர்ந்தவள் அவளுடைய தம்பியின் மனைவி. இதற்கு மேலும் நான் விளக்கம் சொல்ல வேண்டுமா?

வேலை போனதற்காக நான் இத்தனை வருடம் கறுவவில்லை. துடைக்கிற வேலை ஒன்று போனால் இன்னொன்று வரும். ஆனால் அப்போது என் கையில் இருந்தது எஃப் விசா, தற்காலிகமாக இருக்க மட்டும் விடும் அட்டை. அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. வெளியே போய்வர விடும் பி விசாவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அதற்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று காட்டவேண்டும். கன்டோன் அரசிலிருந்து வந்த கடிதத்தில், வேலை இல்லாதபடியால் இப்போதைக்கு இல்லை என்று இருந்தது.

அந்த மாதம்தான் என் தம்பியின் கலியாணம். அவன் கனடாவிலிருந்தும் அம்மா மட்டக்களப்பிலிருந்தும் கோலாலம்பூருக்கு வந்தார்கள். எங்கள் சனத்துக்கு அது வழக்கம். ஊருக்குப் போக முடியாதவர்களும் ஊரிலிருந்து கனடா, ஐரோப்பா வர விசா கிடைக்காதவர்களும் நடுவில் ஏதோ ஒரு நகரத்தில் மண்டபம் பிடித்துத் தாலி கட்டுவார்கள். அம்மாவை நான் பார்த்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. விசா வந்துவிடும், கட்டாயம் வருவேன் என்று சொல்லியிருந்தேன். கடிதம் வந்த பிறகும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குத் தெரியும், நாளைக்குத் தெரியும் என்று போனில் இழுத்தேன். அந்தப் பிழை என்னுடையது. அதை ஒளிக்க மாட்டேன்.

கலியாணம் முடிந்து பதினொரு நாள் அம்மா அங்கே காத்திருந்தா. ஒருநாள் தம்பி ஒரு வழிகாட்டியைப் பிடித்து, ஊர் சுற்றிப் பார்க்க எல்லோரையும் ஒரு வான் வண்டியில் ஏற்றினான். அம்மா மட்டும் ஏறவில்லை.

“மகள் வருவா. நான் வெளியால போனா அவளுக்கு ஆர் கதவு திறக்கிற?” என்று கேட்டாவாம்.

தங்கியிருந்த வீட்டின் முன்னறையில், கதவைப் பார்த்தபடி கதிரை போட்டு இருந்திருக்கிறா. பன்னிரண்டாம் நாள் விமானம் ஏறினா. அதற்கடுத்த வருடம் மாரி மழைக்குள் செத்துப்போனா. செத்த வீட்டுக்கும் நான் போகவில்லை, அதே எஃப் விசாதான் காரணம். இப்போது சொல்லுங்கள், நான் கறுவியது பிழையா?

பிறகு விசாவும் வந்தது, நெடுங்காலம் கழித்துச் சிவப்பு நிறச் சுவிஸ் கடவுச்சீட்டும் வந்தது. அதை வைத்து முதலில் எங்கே போவது என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சூரிச்சிலிருந்து தமிழ் ஆட்களைச் சேர்த்து மலேசியாவுக்குக் கூட்டிப்போகும் ஒரு பயணம் இருந்தது. இரண்டாம் நாள் கோலாலம்பூர் சுற்றிப் பார்ப்பது, தமிழ் வழிகாட்டியுடன். அம்மா ஏறாமல் விட்ட வானில் அவவுக்குப் பதிலாக நான் ஏறி, அவ பார்க்காததை எல்லாம் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று நினைத்தேன். அதைவிட வேறு எண்ணம் எனக்கு இருக்கவில்லை, சூரிச் விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும் வரைக்கும்.

“ஐயோ, நீரோ! எவ்வளவு காலம்!” என்று அவள் என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். முழங்காலில் வலிக்குக் கட்டிய பட்டி, தலையில் வெள்ளைச் சிலுவை போட்ட சிவப்புத் தொப்பி, தனியாகத்தான் வந்திருந்தாள். நான் சிரித்தேன். பன்னிரண்டு மணித்தியால விமானத்தில் எனக்கு ஒரு பொட்டு நித்திரை வரவில்லை.

அந்த இரண்டாம் நாள் காலை வழிகாட்டி ஒன்பது மணிக்கு வரவேண்டியவர், ஒன்பது பத்துக்கு வந்தார். முப்பது வயது இருக்கும், அயன் கலையாத சட்டை, பணிவான சிரிப்பு. பாதையில் நெரிசல் என்று மன்னிப்புக் கேட்டார். எங்கள் ஆட்கள் விடுவார்களா? நெருப்புக்கும் தண்ணிக்கும் தப்பி அகதியாக வந்து சேர்ந்தவர்கள், சுவிசில் இருபது வருடம் இருந்தபின் பத்து நிமிடத்தை மன்னிக்க மாட்டார்கள். எல்லோருக்கும் முன்னே எழுந்தது அவள்தான். பஸ்ஸில் பாட்டுப் படிக்க வைத்திருந்த மைக்கை வாங்கினாள்.

“தம்பி, நாங்கள் சுவிஸ் ஆக்கள். எங்களுக்கு நேரம் எண்டால் நேரம். இண்டைக்கு ஆர் பிந்தினாலும் பஸ் நிக்கக் கூடாது. நான் பிந்தினாலும் சரி, விட்டிட்டுப் போங்கோ!”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பஸ் ஓடினால் எனக்கு வயிற்றைப் புரட்டும், அதனால் முன் இருக்கையில் இருந்தேன். அதனால்தான் அந்த வேலை எனக்கு வந்தது. “அக்கா, நீங்க முன்னுக்குத்தான் உக்காந்திருக்கீங்க. ஒவ்வொரு இடத்துலயும் ஆள எண்ணிச் சொல்லிடுறீங்களா? நான் கீழ நின்னு பாத்துக்கிறேன்” என்று வழிகாட்டி கேட்டார். என்னோடு சேர்த்து இருபத்திரண்டு பேர். இரட்டைக் கோபுரத்தடியில் எண்ணினேன், அரண்மனை வாசலில் எண்ணினேன். இரண்டு இடத்திலும் சரியாக இருபத்திரண்டு.

அந்தக் கோபுரங்களை நிமிர்ந்து பார்த்தபோது கழுத்து நொந்ததே ஒழிய மனதில் ஒன்றும் ஏறவில்லை. அம்மாவை நினைக்கவேண்டும் என்று வந்தவள், பக்கத்தில் நின்று ‘செல்பி’ எடுக்கும் சிவப்புத் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அரண்மனை வாசலில் குதிரைக் காவலனோடு படம் எடுக்க அவள் என் கையில் தன் கைபேசியைத் தந்தாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் சிரிக்கும் வரைக்கும் பொறுத்து, வடிவாகவே எடுத்தேன். எனக்கே என்மேல் ஆத்திரமாக இருந்தது.

பத்துமலைக்குப் போய் இறங்கும்போது வழிகாட்டி ஒரு புத்தி சொன்னார். “குரங்கு கைப்பையப் பறிச்சிட்டு ஓடிடும். பை, போன் எல்லாம் பஸ்ஸுலயே வச்சிட்டுப் போங்க. பதினொன்றரைக்குக் கிளம்பிடுவோம்.” எல்லோரும் பைகளை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார்கள். அவள் பஸ்ஸின் பின்கோடியில், கடைசி வாங்கில் தனியாகக் காலை நீட்டி வந்தவள். தன் பையையும் சால்வையையும் அங்கே குவித்துவைத்துவிட்டு வந்தாள்.

முருகன் சிலைக்குக் கீழே நிழலில் நின்றபோது, எங்களோடு வந்த ஒரு தாய் என்னைக் காட்டி, இவவை எப்படித் தெரியும் என்று அவளிடம் கேட்டா.

“இவவோ? இவவுக்கு வேலை பழக்கினதே நான்தான்” என்றாள் அவள். “துணி பிடிக்கத் தெரியாமல் வந்தவ. என்னடி, ஓமோ இல்லையோ?”

சொல்லிவிட்டு என் தோளில் தட்டினாள். நான் ஓம் என்றேன். ஓம் என்று சொன்ன அந்த வாயை நானே பொத்தி அடித்திருப்பேன். பிறகு விறுவிறு என்று படியேறினேன். குகைக்குள் போய்க் கும்பிட்டேன், ஆனால் என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

பதினொன்றரைக்கு இரண்டு நிமிடம் இருக்க பஸ்ஸின் வாசலில் ஏறி நின்று எண்ணினேன். இருபத்தொன்று. கடைசி வாங்கில் பையும் சால்வையும் இருந்தன, ஆள் இல்லை. மற்றவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டும், குரங்கு யாருடைய வாழைப்பழத்தைப் பறித்தது என்று சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். வெளியே பார்த்தேன். அவள் கடைசிப் படிகளில், கம்பியைப் பிடித்து ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் நொந்திருக்க வேண்டும். என்னைக் கண்டு கையைத் தூக்கி ஆட்டினாள். நான் அவளை நேராகப் பார்த்தேன். ஒரு மூச்சு விடும் நேரம் பார்த்திருப்பேன்.

“அக்கா, சரியா இருக்கா?” என்று கீழே நின்ற வழிகாட்டி கேட்டார்.

“இருபத்திரண்டு பேரும் ஏறியாச்சு” என்றேன்.

அவர் ஏறினார், கதவு மூடியது. சில்லென்ற காற்று முகத்தில் அடிக்க, முன்கண்ணாடி வழியாக இந்த ஊரை முதல்தரமாக உண்மையாகப் பார்த்தேன். மரங்கள் எத்தனை பச்சை, கடைகளில் எத்தனை நிறத்தில் பூமாலை! அம்மா, இதுதான் நீங்கள் பார்க்காமல் போன ஊர் என்று மனதுக்குள் சொன்னேன். நில்லடி, அந்த வெயிலில் யாராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டு நில் என்று அவளுக்கும் சொன்னேன். மனம் இனித்தது. அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

சாப்பாட்டுக் கடையில் எங்களுக்கு வாழையிலை போட்டு வைத்திருந்தார்கள். எல்லோரும் இருந்த பிறகு ஒரு இலை மிஞ்சியது. பரிமாறுகிறவர் சோற்றோடு அந்த இலைக்கு முன்னால் வந்து நின்றார். வழிகாட்டி எங்களை ஒருமுறை எண்ணினார், திரும்ப எண்ணினார். பஸ்ஸுக்கு ஓடி, அவளுடைய பையையும் அதற்குள் அடித்துக்கொண்டிருந்த கைபேசியையும் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. ஒரு டாக்ஸியை மறித்து ஏறிப் போனார், ஒரு வாய் சாப்பிடவில்லை. நான் பாயாசம் இரண்டாம் முறை வாங்கினேன். “நீங்கள்தானே எண்ணினீங்கள்?” என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். “கடைசி வாங்கில பை இருந்த, ஆள் படுத்திருக்கா எண்டு நினைச்ச” என்றேன். பொய் எவ்வளவு லேசாக வந்தது!

மூன்றரை மணிக்கு, நாங்கள் சீனர் தெருவில் சாமான் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இருவரும் வந்து சேர்ந்தார்கள். டாக்ஸி நெரிசலுக்குள் மாட்டிக்கொண்டதாம். அவளுடைய மூக்கும் கன்னமும் வெயிலில் கறுத்திருந்தன. காசும் இல்லாமல் போனும் இல்லாமல், பூக்கடைக்காரியின் போனில் தன் கைபேசிக்கே அடித்து அடித்துப் பார்த்தபடி, அவளுடைய முக்காலியில் இருந்தாளாம். என்னை ஒரு தரமும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் வழிகாட்டியிடம்தான் திரும்பினாள்.

“நீர் ஆளை எண்ணாமலோ பஸ்ஸை எடுத்தனீர்?”

வழிகாட்டி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஒரு கேள்விதான் இருந்தது. நான் பக்கத்துக் கடையில் தொங்கிய பையின் விலையைப் பார்க்கத் தொடங்கினேன்.

“மன்னிச்சிடுங்கம்மா. என் தப்புத்தான்” என்றார்.

வாடிக்கையாளரில் பழிபோடக் கூடாது என்று அவருக்குப் பழக்கியிருப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் பழக்கினார்கள். இரண்டு திட்டு வாங்கினால் அவருக்கு என்ன குறையப்போகிறது, நாளைக்கு வேறு கூட்டம் வரும், மறந்துவிடுவார் என்று என்னையே சமாளித்தேன்.

சுவிசுக்குத் திரும்பி வந்து மூன்றாம் வெள்ளிக்கிழமை திரிம்பாக்கில் இருக்கும் கோவிலுக்குப் போனேன். பூசை முடிந்து சாப்பாட்டு மண்டபத்தில், அந்தப் பயணத்துக்கு வந்த ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்றார்கள். நடுவில், பயண நிறுவனத்துக்கு ஜெர்மனில் தட்டச்சிட்ட ஒரு கடிதம் இருந்தது. சுவிசில் எங்கள் சனம் நன்றாகப் பழகிய ஒன்று, குறை என்றால் வாயால் சொல்லாமல் எழுதுவது. எழுதி, எல்லோரும் கையெழுத்து வைத்து, ரெஜிஸ்டர் தபாலில் அனுப்புவது. கடிதத்தை எழுதியவள் அவள். வழிகாட்டி ஆட்களை எண்ணாமல் பஸ்ஸை எடுத்தார், நோயாளியான பெண்ணை வெயிலில் விட்டார், இப்படிப்பட்டவரை இனிமேல் வேலைக்கு வைக்கக் கூடாது என்று அதில் இருந்தது. கீழே பத்தொன்பது கையெழுத்து. பஸ்ஸில் ஆளை எண்ணியது நான் என்பது அதில் அரைவாசிப் பேருக்கு நேரே தெரியும். அவர்களும் வைத்திருந்தார்கள்.

“நீங்களும் ஒண்டு வையுங்கோ பிள்ளை, சாட்சியாக இருக்கும்” என்று ஒருவர் பேனையை நீட்டினார்.

நான் எழுதப்பட்ட அதே விதமாக அந்த வழிகாட்டிப் பொடியனும் எழுதப்பட்டிருந்தார். எனக்கெதிரான ரப்போர்ட்டில் இருந்தது மூன்று கையெழுத்து. அவருக்குப் பத்தொன்பது. வாசித்துவிட்டு வைக்கிறேன் என்று சொல்லி, கடிதத்தையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வெளியே கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். அவள் பின்னால் நொண்டியபடி வந்தாள்.

“அக்கா, அவர்ல பிழை இல்ல. நான்தான் உங்கள விட்டுட்டு வந்தநான். தெரிஞ்சுதான் விட்ட” என்றேன்.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

சொல்லிவிட்டு இன்னும் கிட்ட வந்தாள்.

“படியில நிண்டு கையைக் காட்டினனான். நீ பாத்தனீ. பாத்திட்டுத்தான் போனனீ. எனக்கென்ன கண் தெரியாதோ?”

“மறுகா ஏன் பிழைய அவர்ல எழுதினீங்க?”

அவள் மண்டபக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “உன்ர பேரை எழுதினா, ஏன் விட்டனீ எண்டு சனம் கேக்கும். நீ அந்தத் துணிக் கதையை எடுப்பாய். இவ்வளவு பேருக்கு முன்னால நான் என்னெண்டு நிக்கிறது? நீயும் சொல்லாத, நானும் சொல்லேல்லை. ரெண்டு பேருக்கும் நல்லது. வை கையெழுத்தை.”

அவள் சொன்னதில் எனக்கு ஒரு நிமிடம் ஆசை வந்ததையும் எழுதிவிட வேண்டும். வைத்திருந்தால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. எங்கேயோ கோலாலம்பூரில் ஒரு பொடியனுக்கு வேலை போயிருக்கும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல் என் மனதில் வந்தபோதுதான் அருவருத்தது. என்னை எழுதிய அன்று இவளும் இப்படித்தானே சொல்லியிருப்பாள்.

கார் ஒன்றின் முன்பக்கத்தில் கடிதத்தை விரித்துவைத்து, கையெழுத்துகளுக்குக் கீழே எனக்குத் தெரிந்த ஜெர்மனில் எழுதினேன். ஆட்களை எண்ணியது நான். ஒருவர் குறைவு என்று எனக்குத் தெரியும். வழிகாட்டியிடம் பொய் சொன்னேன். ஏன் என்றால், இந்தக் கடிதத்தை எழுதிய பெண் ஒரு முதியோர் இல்லத்தில் மேசை மேல் சிவப்புத் துணியைப் போட்டுப் படம் எடுத்து, என்னை வேலையிலிருந்து நீக்க வைத்தவர். வசனங்கள் பிழையாகத்தான் இருந்திருக்கும். கீழே முழுப்பெயர் எழுதி, விலாசமும் எழுதினேன்.

அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த கோடையில் பேர்ன் பக்கத்திலிருந்து போனவர்கள் எடுத்த படத்தில், அதே பொடியன் அதே அயன் சட்டையோடு கோபுரத்தடியில் நிற்கிறார். அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும். நான் எழுதிக்கொடுத்த தாள் எங்கே என்று எனக்குத் தெரியாது. அது அவளிடம் இருந்தால், இதை எழுதும் வரைக்கும் என் மானமும் அவள் கையில்தான் இருந்தது.

அன்று அந்தத் தாளை மடித்து அவளிடம் நீட்டினேன். “இந்தாங்க அக்கா, அனுப்புங்க” என்றேன். அவள் வாங்கி, நின்றபடியே வாசித்தாள். முகம் கறுத்தது. கிழித்துப்போடுவாள் என்று நினைத்தேன், கிழிக்கவில்லை.

“ஒரு துணிக்கோ இவ்வளவும்?” என்று கேட்டாள்.

அப்போதுதான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். விசாவை, கலியாணத்தை, வானில் ஏறாமல் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்ததை, மழைக்குள் செத்ததை எல்லாம் சொன்னேன். அவள் கார் கதவில் சாய்ந்தபடி கேட்டாள். கைப்பையைத் திறந்தாள், மூடினாள்.

“எத்தினை நாள் இருந்தவ?”

“பதினொரு நாள்.”

“நானும் அந்த வெயிலில மூண்டு மணித்தியாலம் இருந்தனான்” என்றாள்.

“போதாது” என்றேன்.